வடக்கு அணி எங்கே போனது

போன மாதம், எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஏரிக்கரைச் சண்டையைக் கணினியில் படமாகச் செய்துகொண்டிருக்கிறார்களாம். "சார், நம்ம பக்கத்துக்கு எத்தன குதிர வைக்கட்டும்? சிஸ்டத்துல எவ்ளோ வேணாலும் வைக்கலாம். ஐயாயிரம் வச்சா ஸ்க்ரீன் ரொம்பிடும்" என்றார்.

நின்ற குதிரைகளை மட்டும் வைக்கச் சொன்னேன். "அது எத்தன சார்?" என்றார்.

என் பணிக்காலத்தின் கடைசிப் பகுதி அந்தக் கேள்வியில்தான் போனது. அவருக்குத் தொலைபேசியில் சொன்ன பதில் சுருக்கமானது. சொன்னபின் எனக்கு நிம்மதியில்லை. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் ஒரு நாளிதழின் நிருபராகத் தொடங்கியவன் நான். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் விலை, நெடுஞ்சாலை விபத்து, ஏரி உடைப்பு என்று சில காலம். பிறகு விழுப்புரத்தில் செய்தி மேசை. பார்த்தவன் சொன்னதையும் கேட்டவன் சொன்னதையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது என்பதை அங்கே கற்றேன். வேறு பெரிதாக எதையும் கற்றதாக நினைவில்லை. நாளிதழை விட்டபின், விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சிறிய அறக்கட்டளை ஒன்றில் சேர்ந்தேன். வட்டாரத்தின் பழைய சம்பவங்களைச் சரிபார்த்து, சாலையோரத்தில் வைக்கும் தகவல் பலகைகளுக்கு வாசகம் எழுதுவது அதன் வேலை.

ஏரிக்கரைச் சண்டை என்பது நாங்கள் வைத்துக்கொண்ட பெயர். சண்டைக்கென்று பெயர் கிடையாது. பெரிய புத்தகங்கள் அதைத் தொடுவதே இல்லை. செஞ்சிச் சீமையின் எல்லையில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, சில நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பகல் முழுதும் இரண்டு குதிரைப்படைகள் மோதிக்கொண்டன. செஞ்சிப் பக்கத்தார் ஏரிக்கரையை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கிழக்கே பார்த்து நின்றார்கள். எதிரி கடற்கரைப் பாதையில் சுற்றிவந்து கிழக்கிலிருந்து ஏறினான். செஞ்சிப் பக்கத்து அணிகள் பெரும்பாலும் அந்த ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து திரட்டப்பட்டவை. ஆகவே அந்த ஊர்களில் சண்டை இன்னும் முடியவில்லை.

எந்த அணி, யார் தலைமையில், எத்தனை குதிரையோடு, எங்கே நின்றது என்று பட்டியலிடுவதற்குப் படை வரிசை என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் அதை ஒரு பழைய டேபிள் டென்னிஸ் மேசையில் செய்தோம். மேசை மேல் சாக்பீஸால் ஏரிக்கரை, ஓடை, பழைய வண்டிப்பாதை. ஒவ்வோர் அணிக்கும் ஒரு அட்டைத் துண்டு. அட்டையில் நான்கு விவரம்: தலைவர், எண்ணிக்கை, நின்ற இடம், யார் பார்த்தது. ஒரு தரப்பு மட்டும் சொல்லியிருந்தால் பென்சிலில் எழுத வேண்டும். இரு தரப்பும் சொல்லியிருந்தால்தான் பேனா. அட்டையைச் சுற்றி, பத்துக் குதிரைக்கு ஒரு மல்லாட்டை வீதம் வைப்போம். அதனால் மதியத்துக்கு மேல் இரு படையும் மெலிந்துகொண்டே போகும். "எவன்டா அது, கெழக்குப் பக்கத்துல அம்பது குதிரையத் தின்னது?" என்று கேட்பது அங்கே தினசரி வழக்கம்.

எண்ணிக்கைதான் பெரிய தொல்லை. கொள்ளு அளந்தவன் கணக்கில் பொதி சுமக்கும் மட்டக்குதிரைகளும் இருக்கும். சம்பளம் கொடுத்தவன் கணக்கில் செத்தவர்களும் இருப்பார்கள். ஆகவே நாங்கள் அதிகம் நம்பியது, படை தங்கும் பாளையத்துச் செய்திக்காரர்களை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு படையோடும், அன்றன்று நடந்ததை எழுதி மேலிடத்துக்கு அனுப்ப ஆட்கள் இருந்தார்கள். என் தொழில் முன்னோர்கள். அவர்களும் பொய் சொல்வார்கள். ஆனால் எந்த இடத்தில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தொகுப்பாசிரியரை எல்லோரும் மேடம் என்றுதான் அழைத்தோம். செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். எனவே எந்த விவாதமும் வெயில் இருக்கும்போதே முடிந்தாக வேண்டும். நாங்கள் எழுதியதைத் தவறு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வரிக்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு வட்டம் போடுவார். 'யார் பார்த்தது?' என்பது அதன் பொருள். ஒரு பக்கத்தில் வட்டங்கள் அதிகமாகிவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிபன் டப்பாவைத் திறப்பார். அதற்குமேல் நின்று பேசினால், "நான் சாப்பிடணும்ங்க" என்பார். இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஒரு திருத்தத்தால் யாருக்காவது நஷ்டம் என்றால், அச்சுக்குப் போகும் முன் அவர்களிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். தொலைபேசியிலோ கடிதத்திலோ சொன்னால் கணக்கில்லை.

படை வரிசை ஏறக்குறைய முடிந்து, வாசகத்தின் முதல் படி சுற்றுக்கு வந்தது. அதில் ஒரு வரி: 'வடக்கு அணி சண்டையின்போது களத்தை விட்டு விலகியது.' ஆதாரம் இல்லாமல் எழுதப்பட்ட வரி அல்ல. செஞ்சிப் பக்கத்தில் இரண்டு செய்திக்காரர்கள் இருந்தார்கள். காலையில் எழுதியவர், வடக்கு ஓரத்தில் ஓர் அணி நின்றதாகச் சொல்லித் தலைவர் பெயரையும் குறித்திருந்தார். மாலையில் எழுதியவரின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அதற்குப் பதில், காலையில் இல்லாத வேறொரு தலைவரின் அணி இருந்தது. நாங்கள் ஒரு அணி போனது, ஒரு அணி வந்தது என்று எடுத்துக்கொண்டோம். ஊரார் சொன்னதும் அப்படித்தான்.

ஊரார் என்றால், அந்த ஒரு ஊரைத் தவிர மற்ற ஊரார். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. மற்ற ஊர்கள் அதைப் போதுமான அளவு சொல்லிவிட்டன. வடக்கு அணியின் தலைவர் அந்த ஊர்க்காரர், ஆட்களும் அங்கிருந்துதான். ஆடி மாதத்தில் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு மண்குதிரை செய்து, தலைச்சுமையாகக் கொண்டுவந்து, கரைமேல் ஐயனாருக்குப் பக்கத்தில் வரிசையாக வைக்கும். எல்லாக் குதிரையும் கிழக்கே, களத்தைப் பார்த்திருக்கும். அந்த ஊரின் குதிரை மட்டும் மேற்கே பார்க்க வேண்டும். ஓடிய அணி, அதனால் முதுகு. நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போனால் வரிசையாகக் குதிரை முகங்களும், வடகோடியில் ஒரு வாலும் தெரியும்.

வாசகத்தின் முதல் படி எப்படியோ அந்த ஊருக்குப் போய்விட்டது. ஊராட்சித் தலைவர் மலர்க்கொடி அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் மேசையைச் சுற்றி நடந்து, வடக்கு ஓரத்து அட்டையைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றியிருந்த மல்லாட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க ஊர்ல பொண்ணு பாக்க வந்தா, பொண்ணு ஓடிடாம பாத்துக்கங்கன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. கபடியில தோத்தாலும் அதான், ஜெயிச்சாலும் அதான். சரி, வாயால சொல்றது. நாளைக்கு மறந்துடுவான்னு இருந்தோம். நீங்க பலகைல எழுதி பஸ் ஸ்டாப்புல நட்டுட்டீங்கன்னா, எங்க புள்ளைங்க தெனம் அதப் படிச்சிக்கினுதான் பஸ் ஏறணும் சார்."

மேடம் அவரை உட்காரச் சொன்னார். ஓடவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

"ஓடினதுக்கு என்ன இருக்கு?" என்றார் மலர்க்கொடி.

மேடம் தாளை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு என்னிடம் நீட்டினார். பலகை ஆடித் திருவிழாவுக்குள் நட்டாக வேண்டும். இடையில் இருந்த காலம் கொஞ்சம்தான்.

களத்தைப் பல முறை நடந்தேன். இப்போது அங்கே நெல்லும் மல்லாட்டையும். ஓடியிருந்தால் எந்த வழியாக ஓடியிருப்பார்கள் என்று பார்த்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. குதிரை எந்த வழியாகவும் ஓடும். இரண்டு செய்திக் குறிப்புகளையும் மறுபடி மறுபடி படித்தேன். மனம் அலுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில்கூட அந்த இரண்டு தலைவர்களின் பெயர்களே ஓடிக்கொண்டிருந்தன.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு நாள். அந்த ஊருக்குப் போகும் தனியார் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, நாலு மணிக்கு கோமதி வரும் என்றார். டீக்கடைக்காரரும் கோமதிதான் என்றார். நூர் என்று எழுதிய பஸ் ஒன்று வந்து நின்று, நிரம்பி, கிளம்பியது. நான் டீயைக் குடித்துக்கொண்டு கோமதிக்காக நின்றேன். வெகுநேரம் கழித்து டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னா சார், போவலியா?" என்றார். கோமதி இன்னும் வரவில்லையே என்றேன்.

"அப்பவே போச்சே, அதான் சார் கோமதி. முதலாளி செத்துட்டாரு, வண்டிய வித்துட்டாங்க. வாங்கினவரு நூருன்னு எழுதிக்கினாரு. எங்க வாயில கோமதிதான். வெளியூர்க்காரங்கதான் நூரும்பாங்க."

அந்த வழியில் மொத்தம் எத்தனை பஸ் ஓடுகிறது என்று கேட்டேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒன்னுதான் சார். ரெண்டு விட்டா டீசலுக்குக்கூடக் கட்டாது" என்றார்.

அந்தக் காலத்துக் குதிரை அணிகளுக்கு எண்ணோ தனிப்பெயரோ கிடையாது. தலைவர் பெயர்தான் அணியின் பெயர். தலைவர் மாறினால் பெயரும் மாறும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் காலைக் குறிப்பையும் மாலைக் குறிப்பையும் இரண்டு அட்டையாக வைத்திருந்தோம். காலையில் எழுதியவர் உள்ளூர்க்காரர். பழைய தலைவரின் பெயரைச் சொன்னார். அந்தத் தலைவர் பகலில் விழுந்திருந்தால், மாலையில் எழுதிய வெளியூர்க்காரர் புதியவரின் பெயரைத்தான் எழுதுவார். ஓடியதாகச் சொன்ன அணியும், எங்கிருந்தோ வந்த அணியும் ஒன்று.

அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் திரும்பி மேடத்திடம் சொன்னேன். முழுதும் கேட்டார். "பஸ்ஸ வச்சிக்கினு படைய எழுத முடியாதுங்க. யாரு பாத்தாங்க?" என்று கேட்டுவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தார்.

இரு செய்திக்காரர்களும் பார்த்தது ஒட்டகத்தை. காலைக் குறிப்பில், வடக்கு ஓரத்தில் முரசு ஏற்றிய ஒட்டகம் ஒன்று நின்றதாக ஒரு சொல் இருந்தது. படையிலேயே அது ஒன்றுதான் என்று அவரே குறை சொல்லியிருந்தார். மாலைக் குறிப்பில், புதிய தலைவரின் அணி முரசு ஒட்டகத்தோடு பாளையம் திரும்பியது என்று இருந்தது. அந்தச் சொற்களை முன்பே பலமுறை படித்திருக்கிறோம். குதிரையைத் தேடியவர்களுக்கு ஒட்டகம் கண்ணில் படவில்லை. எதிரித் தரப்புச் செய்திக்காரரின் குறிப்பைத் திரும்ப எடுத்தேன். வடக்கில் தலைவன் விழுந்த பின்னும் அங்கிருந்து வந்த முரசுச் சத்தம் பொழுது சாயும்வரை நிற்கவில்லை, குதிரைகள் மிரண்டன என்று அவர் அலுத்துக்கொண்டிருந்தார். இரு தரப்பு. மேடம் தானே பேனாவை எடுத்து, இரண்டு அட்டைகளில் ஒன்றைக் கிழித்துப்போட்டு, மற்றதில் இரு தலைவர்களின் பெயரையும் மேலும் கீழுமாக எழுதினார்.

இனி நஷ்டப்பட்டவரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது தலைவரின் வழியில் வந்த குடும்பம் கோட்டக்குப்பம் பக்கம் இருக்கிறது. குடும்பத்தில் மூத்தவர் காதர் பாய், வளைகுடாவில் பல காலம் கடை வைத்திருந்து திரும்பியவர். அவர்கள் வீட்டில் தாதா என்று அழைக்கும் அந்த முன்னோரை, தனி அணி திரட்டிவந்த தலைவர் என்று சொல்லி வளர்ந்திருக்கிறார்கள். மேசையில் இப்போது தனி அணி இல்லை. வேறொருவரின் அணியில் துணைத்தலைவராக இருந்து, அவர் செத்தபின் பொறுப்பேற்றவர் என்று சொன்னேன்.

"அப்போ எங்க தாதாவ ரெண்டாவது ஆளா ஆக்கிட்டீங்க."

பொழுது சாயும்வரை அந்த அணியை நடத்தியவர் அவர்தான் என்றேன்.

"பேஜாரு புடிச்ச வேல சார் உங்களுது. எழுதிக்கங்க, வேணாம்னு சொல்லல. ஆனா எங்க வீட்ல அவருக்கு ஃபாத்திஹா ஓதுற அன்னைக்கு நீங்களே வந்து எல்லார் முன்னாலயும் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

போனேன். சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னேன். பின்னால் சொல்லியிருக்கலாம்.

வேலை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வடக்கு அணியின் காலை எண்ணிக்கையிலிருந்து செத்தவர்களைக் கழித்தால் வரும் எண், மாலை எண்ணிக்கையோடு பொருந்தவில்லை. மாலையில் குறைவாக இருந்தது. அணி நின்றது உண்மை. எல்லோரும் நின்றார்களா என்பது தெரியாது. அட்டையில் அந்த இடம் பென்சிலில் இருந்தது. வாசகத்தில் 'சிலரைப் பற்றித் தகவல் இல்லை' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார் மேடம்.

மலர்க்கொடிக்குச் சொன்னபோது, முதல் முறையாக அவருக்குக் கோபம் வந்தது. "சிலர்னு போட்டா சிலர்னா சார் படிப்பாங்க? பாத்தியா, நாங்க சொன்னது சரிதாம்பாங்க. அதுக்குப் பழைய வரியே இருந்துட்டுப் போவட்டும்."

மேடம் அசையவில்லை. இருப்பதை மறைக்க முடியாது என்றார். எனக்கு இருவர் சொல்வதும் சரியாகப் பட்டது. அதனாலேயே உட்கார முடியவில்லை. மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். வடக்கு ஓரத்திலிருந்து தெற்கு ஓரம்வரை அட்டைகள். வடக்கு அணிக்குச் செய்த கழித்தல் கணக்கை மற்ற எந்த அணிக்கும் நாங்கள் செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செய்யத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர்கள் ஓடியதாக யாரும் சொல்லியிருக்கவில்லை. செய்தி மேசையில் குற்றம் சாட்டப்பட்டவனை மட்டும் விசாரித்து எழுதும் நிருபர்களை நான் எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மலர்க்கொடியை உட்காரச் சொல்லிவிட்டு, நடு அணியிலிருந்து தொடங்கினேன். குறைந்தது. அதை அடுத்ததும் குறைந்தது. தெற்கு அணியில் வடக்கைவிட அதிகமாகக் குறைந்தது. எல்லா அணியிலும், செத்தவர் கணக்கிலும் இல்லாத, திரும்பியவர் கணக்கிலும் இல்லாத ஆட்கள் இருந்தார்கள். காயம்பட்டு எங்காவது கிடந்திருக்கலாம். வழிதவறி மறுநாள் வந்திருக்கலாம். ஓடியும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

மேடம் தாளைப் பார்த்தார். வெளியே வெயில் மங்கத் தொடங்கியிருந்தது. அன்று டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. வாசகத்தை அவரே எழுதினார்: 'வடக்கு அணி, தலைவர் இறந்தபின் துணைத்தலைவரின் கீழ் பொழுது சாயும்வரை களத்தில் நின்றது. எல்லா அணிகளிலும் சிலரைப் பற்றித் தகவல் இல்லை.'

மலர்க்கொடி அதை இரண்டு முறை படித்தார். "எல்லா அணின்னா, அவங்களும்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "இது போதும் சார். நல்லா படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நஷ்டப்பட்டவர்களிடம் நேரில் சொல்லும் விதிப்படி, அடுத்து நான் போக வேண்டிய ஊர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. ஒவ்வோர் ஊரிலும் ஒரே கேள்விதான். "எங்க குதிரையும் ஓடுச்சின்னா சொல்றீங்க?" அப்படிச் சொல்லவில்லை, தெரியாது என்றுதான் சொல்கிறேன் என்பேன். ஒரு ஊரில் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இன்னொரு ஊரில் பெரியவர் ஒருவர், "இத்தினி நாளு ஒருத்தன் ஓடினான்னு இருந்துச்சு, இப்ப ஊரு ஊரா ஓட வச்சிட்டீங்க" என்றார்.

பலகை திருவிழாவுக்கு முன்பே நடப்பட்டது. ஆடியில் நானும் கரைக்குப் போயிருந்தேன். மலர்க்கொடி ஊர்க் குதிரையைத் தானே தலையில் சுமந்துவந்து, கிழக்கே பார்க்க இறக்கி வைத்தார். மற்ற ஊர்ப் பெரியவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பலகை வேறு, வழக்கம் வேறு என்றார்கள். அப்படியானால் எல்லாக் குதிரையையும் திருப்புங்கள் என்றார் மலர்க்கொடி. ஐயனார் முன்னால் சத்தம் வேண்டாம் என்று பூசாரி சொன்னார். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் யாரோ இரண்டு பேர் வந்து குதிரையைத் தூக்கினார்கள். கிழக்கேயும் இல்லாமல் மேற்கேயும் இல்லாமல், கரையின் போக்கில் வடக்கே பார்க்க வைத்தார்கள். எப்படி வைத்தாலும் தங்கள் பக்கம்தான் என்று இரு தரப்பும் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

அதற்கடுத்த ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு இன்றும் மாதம் ஓரிரு முறை போகிறேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் இடப்பக்க சன்னல் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன்.

ஒவ்வோர் ஆடியிலும் புதுக் குதிரை. ஒவ்வோர் ஆண்டும் அதன் முகம் வடக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே விலகிவிடுகிறது. மலர்க்கொடியிடம் கேட்டால், "நான் கை வைக்கல சார், மண்ணு மேடுபள்ளமா இருக்குது" என்கிறார். மற்ற ஊர்க்காரர்களும் யாரும் கை வைக்கவில்லை என்றே சொல்கிறார்கள். போன ஆடிக்கு முன்புவரை பஸ்ஸிலிருந்து ஒரு கண்தான் தெரிந்தது. இப்போது நெற்றியும், மறுபக்கத்துக் காதின் நுனியும் தெரிகின்றன.

அந்த இளைஞரிடம், எல்லா அணியிலும் கொஞ்சம் குறைத்தே வை, எவ்வளவு என்று என்னைக் கேட்காதே என்று சொன்னேன். ஒட்டகத்தை விட்டுவிடாதே என்பதையும் சொன்னேன். எழுதிக்கொள்வதாகச் சொன்னார். பென்சிலிலா பேனாவிலா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.